சமுதாயக் கல்லூரியில் சிறுதொழில் படிப்பது எப்படி: விண்ணப்பத்திலிருந்து முதல் பில் வரை

மாலை ஆறரை மணி வகுப்பு. முன்வரிசையில், அந்த வருடம்தான் பள்ளியை முடித்த ஒரு பையன். அவனுக்குப் பக்கத்தில் இருபது வருடமாகப் புல்வெட்டும் தொழில் நடத்துகிறவர். பூட்ஸில் ஒட்டிய புல் இன்னும் காயவில்லை. பின்னால் ஒரு நர்ஸ், ஒரு பஸ் ஓட்டுநர், கைக்குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பெண். கடைசி வரிசையில் நான். ஆசிரியர் உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்ட கேள்வி: "போன மாதம் உங்கள் தொழிலில் கையில் மிஞ்சியது எவ்வளவு?" புல்வெட்டுகிறவர் வாயைத் திறந்தார், மூடினார். இருபது வருடத் தொழில். எவ்வளவு வந்தது என்று தெரியும். எவ்வளவு மிஞ்சியது என்று தெரியவில்லை.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் சமுதாயக் கல்லூரிக்குச் சிறுதொழில் படிக்கப் போவது, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ளத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். அங்கே வாழ்ந்துகொண்டு, சொந்தமாக ஏதாவது தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகவும், படிக்கவே அங்கே போகத் திட்டமிடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்தக் கல்லூரிகளுக்கு நூறு வயதைத் தாண்டிவிட்டது. முதல் பொதுக் கல்லூரி இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901இல் தொடங்கியது. இப்போது நாடு முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன. நுழைவுத்தேர்வு இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை, "என் வாழ்க்கை லட்சியம்" என்று கட்டுரை எழுதவும் வேண்டாம். கதவு திறந்தேதான் இருக்கும். உள்ளே போனபின் எந்தப் பக்கம் திரும்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

படி 1: எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

மூன்று வகை மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே தொழில் நடத்துகிறவர், தொடங்க நினைக்கிறவர், நான்கு வருடப் பட்டத்துக்கு மலிவான முதல் பாதியைத் தேடுகிறவர். மூவருக்கும் மூன்று வெவ்வேறு பாதை. இவற்றில் இரண்டைச் சேர்த்துச் சாதித்துவிடலாம் என்று நினைத்தால் நேரமும் காசும் வீண். "ஒரு வருடத்துக்குள் தையல் வேலையில் மாதம் ஆயிரம் டாலர் மிஞ்ச வேண்டும்" என்பது நல்ல வரி. "தொழிலதிபராக வேண்டும்" என்பது வரியே அல்ல.

படி 2: விசாவைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்

நம்மவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். படிக்கும் உரிமை வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கிறது என்று ஆகாது.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவர் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ படிக்கலாம். ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் தொழில் நடத்தக் கூடாது. அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு 2015இல் வந்தது. எச்-4 வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் அல்ல, பெரும்பாலும் வாழ்க்கைத்துணையின் கிரீன் கார்டு மனுவில் ஐ-140 கட்டம் ஒப்புதலானவர்களுக்குத்தான். எச்-1பி வைத்திருப்பவர் தன் வேலையை விடாமல் மாலை வகுப்புக்குப் போகலாம். தனியாகத் தொழிலில் இறங்கி உழைப்பது வேறு விஷயம். சுற்றுலா விசாவில் வந்தவர் கல்லூரியில் பாடம் எடுத்துப் படிக்கவே கூடாது.

படிப்பதற்காகவே எஃப்-1 விசாவில் வருகிறவர், மாணவர் விசா வழங்க அங்கீகாரம் பெற்ற கல்லூரியா என்று முதலில் பார்க்க வேண்டும். பாடங்களின் அளவைக் கிரெடிட் என்று எண்ணுகிறார்கள்; செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. படிக்கும்போதே பக்கத்து அறை நண்பர்களுக்கு எதையாவது விற்றுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அனுமதியில்லாத வேலையாக அது கணக்கில் வந்தால் விசாவே போய்விடும். படிப்பை முடித்தபின் கிடைக்கும் ஓ.பி.டி. என்ற 12 மாதப் பணிப்பயிற்சிக் காலத்தில், படித்த துறையோடு நேரடியாகத் தொடர்புள்ள சொந்தத் தொழில் செய்ய இடம் உண்டு. அதுவரை வகுப்பறைத் திட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடமோ குடியேற்ற வழக்கறிஞரிடமோ கேளுங்கள். வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள்.

படி 3: எந்தக் காகிதம் வேண்டும்?

ஒரே கல்லூரியில், ஒரே பாடத்துக்கு நான்கு வாசல்கள் இருக்கும். பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும், பலன்கள் வேறு.

முதலாவது, கிரெடிட் இல்லாத வகுப்பு. சில வாரங்கள், மதிப்பெண் கிடையாது, பட்டத்தில் சேராது. கலிபோர்னியாவில் இந்த வகை வகுப்புகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. தொழில் நடத்திக்கொண்டே விலை நிர்ணயம், கணக்கு மென்பொருள் என்று ஏதாவது ஒன்றை மட்டும் கற்க விரும்புகிறவருக்கு இதுவே போதும். இதை மட்டமாக நினைக்கிறவர்கள் உண்டு. புல்வெட்டுகிறவருக்கு இரண்டு வருடப் பட்டம் எதற்கு?

இரண்டாவது, சான்றிதழ். நான்கைந்து பாடங்களிலிருந்து பத்துப் பாடங்கள் வரை இருக்கும். தொழில்முனைவு, சிறுதொழில் மேலாண்மை என்ற பெயர்களில் வரும். தொடங்க நினைக்கிறவர்களுக்கு என் கணிப்பில் இதுதான் சரியான அளவு. கற்கவேண்டியதை ஒரு வருடத்தில் கற்றுவிடலாம்.

மூன்றாவது, செயல்முறை அசோசியேட் பட்டம். சுமார் 60 கிரெடிட், முழுநேரமாகப் படித்தால் இரண்டு வருடம். நேராக வேலைக்கோ தொழிலுக்கோ போகிறவர்களை மனதில் வைத்து அமைத்தது.

நான்காவது, பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போவதற்கான அசோசியேட் பட்டம். இதுவும் 60 கிரெடிட்தான். ஆனால் இதில் தொழில்முனைவுப் பாடங்கள் குறைவாகவும் கணிதம், பொருளியல், ஆங்கிலக் கட்டுரை போன்றவை அதிகமாகவும் இருக்கும்.

மூன்றாவதையும் நான்காவதையும் குழப்பிக்கொண்டவன் நான். சிறுதொழில் மேலாண்மை, தொழில் திட்டம் எழுதுதல் என்று ரசித்து ரசித்துப் பாடங்களை எடுத்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஆறு கிரெடிட்டை "விருப்பப் பாடம்" என்ற மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். பட்டத்துக்கு வேண்டிய எந்தப் பாடத்துக்கும் அவை ஈடாகவில்லை. மறுபடியும் படித்தேன், பல்கலைக்கழக விலையில். ஆலோசகர் அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

ஆகவே மாறிப்போகும் எண்ணம் துளியளவு இருந்தாலும், போகப்போகும் பல்கலைக்கழகத்தின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். இரு நிறுவனங்களுக்கும் இடையே பாட மாற்று ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். கலிபோர்னியாவில் அசிஸ்ட் என்ற பொது இணையதளம், எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்று வரிக்கு வரி காட்டும். ஆலோசகர் வாயால் சொன்னதை மின்னஞ்சலிலும் கேட்டு வாங்கிவையுங்கள். அவர் அடுத்த வருடம் அந்த நாற்காலியில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பெரும்பாலும் இன்னொரு பட்டம் தேவையில்லை. சான்றிதழோ, தேர்ந்தெடுத்த மூன்று பாடங்களோ போதும். "அங்கே எம்.காம். முடித்துவிட்டு இங்கே போய் அடிப்படைக் கணக்கியல் படிப்பதா?" என்ற கௌரவப் பிரச்சினை வரும். அந்த நாட்டின் வரியும் சட்டமும் அந்த எம்.காம்.மில் இல்லை.

படி 4: பணத்தைக் கணக்குப் போடுங்கள்

கலிபோர்னியாவில் அந்த மாநிலத்தவருக்குக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு அங்கே அந்தப் பெயர்) 46 டாலர். 18 யூனிட் சான்றிதழ் என்றால் 828 டாலர். 60 யூனிட் பட்டம் 2,760 டாலர். இது நாட்டிலேயே மலிவான கட்டணங்களில் ஒன்று. மற்ற மாநிலங்களில் கூடுதலாக இருக்கும். வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் இதைப்போலப் பல மடங்கு. மாநிலவாசி என்று கணக்கில் வர, பெரும்பாலான இடங்களில் ஒரு வருடமாவது அங்கே வசித்திருக்க வேண்டும். எச்-4 வைத்திருப்பவர்களை மாநிலவாசியாக ஏற்பதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் ஏற்கிறார்கள் என்பது தெரியாமலே வெளிநாட்டுக் கட்டணத்தைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். சேர்க்கை அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்.

குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்கள் ஃபாஃப்சா என்ற ஒரே படிவத்தை நிரப்பினால், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இது பல கல்லூரிகளின் முழுக் கட்டணத்தையும் தாண்டிப் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் மிஞ்சும். இளங்கலைப் பட்டம் ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பொதுவாகப் பெல் கிடையாது. வெளிநாட்டுப் பட்டமும் பட்டம்தான். விசாவில் இருப்பவர்களுக்கும் இது இல்லை.

அப்படிப்பட்டவர்களில் பலர் கவனிக்கவேண்டியது வரிச்சலுகை. வாழ்நாள் கல்விச் சலுகை என்ற ஒன்று, செலவிட்ட கட்டணத்தில் 20 சதவீதத்தை, அதிகபட்சம் 2,000 டாலர் வரை, கட்டவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. பட்டம் நோக்கிப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தொழில்திறனுக்காக ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் பொருந்தும். தனிநபர் வருமானம் 80,000 டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கி 90,000இல் நின்றுவிடும்; தம்பதியாகத் தாக்கல் செய்வோருக்கு 1,60,000 முதல் 1,80,000 வரை. கட்டிய கட்டணத்தைக் காட்டி ஜனவரி வாக்கில் கல்லூரி அனுப்பும் 1098-டி படிவத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புத்தகச் செலவு திடீரென்று அடிக்கும். கணக்கியல் புத்தகம் ஒன்றே பாடக்கட்டணத்தைவிட அதிகமாகிவிடுவது உண்டு. அட்டவணையில் "பாடநூல் செலவில்லை" என்ற குறி உள்ள வகுப்பு இருந்தால் அதையே எடுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் கணக்கியலுக்கும் தொழில்முனைவுக்கும் பாடநூல்களை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே அவற்றில் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டால் வகுப்பில் பாதி பயம் போய்விடும்.

படி 5: பாடங்களின் வரிசை

பட்டியலைப் பார்த்ததும் கை தானாகவே "தொழில்முனைவு அறிமுகம்" என்பதை நோக்கிப் போகும். நான் வேறு வரிசை சொல்வேன்: முதலில் கணக்கியல்.

சலிப்பூட்டும் பாடம் என்று பெயரெடுத்தது. உண்மையில் சலிப்பூட்டவும் செய்யும், முதல் மூன்று வாரம். பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு. நான்காவது வாரத்தில் இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் சமமாக வந்து நிற்கும்போது ஒரு மகிழ்ச்சி வரும். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தொழில்முனைவு வகுப்பில் சொல்லப்படும் எல்லாக் கனவுகளையும் இந்தப் பாடம்தான் எடைபோடுகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, புதிதாகத் தொடங்கும் தொழில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடிவிடுகிறது; ஐந்தாம் வருட முடிவில் பாதிதான் மிஞ்சுகிறது. அப்படி மூடியவற்றில் யோசனை மோசமாக இருந்தவை எத்தனை, கணக்குப் பார்க்காதவை எத்தனை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்தப் பாடத்தில் கற்பதை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். ஒருவர் தனியாகத் துணி திருத்தும் வேலை தொடங்குகிறார். பேன்ட்டின் நீளம் குறைக்க 18 டாலர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நூலும் மின்சாரமும் 1 டாலர். ஆக ஒரு பேன்ட்டில் 17 டாலர் நிற்கிறது. மாதாமாதம் வேலை வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு: இயந்திரத்தின் தவணை 40, காப்பீடு 35, தொலைபேசியும் விளம்பரமும் 50, ஒரு சலவைக்கடையின் மூலையில் மேஜைக்கு வாடகை 215. மொத்தம் 340. இதை 17ஆல் வகுத்தால் 20. அதாவது இருபது பேன்ட் வரை அவர் தனக்காகத் தைக்கவில்லை. சலவைக்கடைக்காரருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தைக்கிறார்.

அவர் இலக்கு மாதம் ஆயிரம் டாலர். 1,340ஐ 17ஆல் வகுத்தால் 79 பேன்ட். தைக்க 25 நிமிடம்தான் ஆகிறது என்று அவர் சொல்வார். அளவெடுக்க, இஸ்திரி போட, "எப்போது வருவீர்கள்" என்று செய்தி அனுப்ப இன்னொரு 20 நிமிடம் ஆகிறது என்று ஆசிரியர் சொல்வார். ஒன்றுக்கு 45 நிமிடம் என்றால் மாதம் 59 மணி நேரம். அந்த ஆயிரத்திலும் சுயதொழில் வரி சுமார் 140 டாலர் போகும். வருமான வரி தனி.

இனி விலையை 22 டாலராக்கிப் பாருங்கள். ஒரு பேன்ட்டில் 21 நிற்கிறது. இலக்கை எட்ட 64 பேன்ட், 48 மணி நேரம். நான்கே டாலரில் பதினோரு மணி நேரம் மிச்சம். விலையை ஏற்றினால் ஆள் வரமாட்டார்களே என்ற பயம் நியாயமானதுதான். பதினைந்து பேர் வராமல் போனாலும் அவர் நட்டப்படவில்லை என்பது இந்தக் கணக்கைப் போடும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

கணக்கியலை முடித்தபின், அல்லது அதோடு சேர்த்து, தொழில்முனைவு அறிமுகம். அடுத்த செமஸ்டரில் சந்தைப்படுத்தல், தொழில் சட்டம். சட்டப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் என்பது எப்போது உருவாகிறது என்று ஒரு வாரம் படித்ததில், ஒரு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதை நிறுத்தி வழக்கறிஞரிடம் காட்டினேன். கணக்கு மென்பொருள் வகுப்பு, பெரும்பாலும் குவிக்புக்ஸ், குறுகியது; எடுங்கள். தொழில் திட்டம் எழுதும் வகுப்பு கடைசியில் வரட்டும். முதலிலேயே எடுத்தால் எண்கள் எல்லாம் கற்பனையாக இருக்கும்.

வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கிறவர்கள் ஒரு செமஸ்டரில் இரண்டு பாடங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

படி 6: ஆசிரியரைப் பாருங்கள், நேரத்தை அல்ல

செவ்வாய் மாலை எனக்கு வசதி என்று வகுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். இந்தக் கல்லூரிகளில் பகுதிநேர ஆசிரியர்கள் நிறைய. பகலில் உணவகமோ கட்டட வேலையோ நடத்திவிட்டு மாலையில் பாடம் எடுப்பவர்கள் அவர்களில் உண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால் திங்கள்கிழமையானாலும் எடுங்கள். கல்லூரி இணையதளத்தில் பழைய பாடத்திட்டங்கள் கிடைக்கும். அதில் மதிப்பெண் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நான்கு தேர்வுகளும் மனப்பாடமும் என்றால் ஒரு மாதிரி. வாடிக்கையாளரைச் சந்தித்து எழுதும் ஒப்படைப்பு, செலவுக் கணக்கு என்றால் வேறு மாதிரி. உங்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

முதல் வகுப்புக்குப் போய் ஒத்துவரவில்லை என்றால், தொடக்கத்திலேயே விலகினால் பணம் திரும்பும். அந்தக் கடைசித் தேதியை நாட்காட்டியில் சிவப்பில் குறித்துவையுங்கள். அதற்குப் பின் விலகினால் பணமும் போகும், மதிப்பெண் பட்டியலில் விலகியதற்கான குறியும் நிற்கும். பெல் உதவி பெற்றவர் செமஸ்டரில் 60 சதவீதம் முடியும்முன் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவும் நேரும்.

படி 7: ஒவ்வொரு ஒப்படைப்பையும் உங்கள் தொழிலுக்கே செய்யுங்கள்

சந்தைப்படுத்தல் வகுப்பில் "ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து ஆராய்க" என்பார்கள். முக்கால்வாசிப் பேர் உலகம் அறிந்த காபிக்கடையையோ கைப்பேசி நிறுவனத்தையோ எடுப்பார்கள். இணையத்தில் எல்லாம் கிடைக்கும், எளிதில் முடிந்துவிடும். நீங்கள் உங்கள் தெருவிலிருந்து மூன்று மைலுக்குள் இருக்கும் தையல்கடையை எடுங்கள். மதிப்பெண் ஒன்றுதான், ஆனால் உங்களுக்குக் கையில் போட்டியாளர் அறிக்கை ஒன்று இருக்கும்.

மிகப் பயனுள்ள ஒப்படைப்பு, பத்துப் பேரிடம் பேசிவிட்டு வரச்சொல்வது. இதில் நான் முதல்முறை செய்த தவறு எல்லாரும் செய்வது. "வீட்டுக்கே வந்து துணியைத் திருத்தித் தந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டேன். பத்துப் பேரும் ஆமாம் என்றார்கள். ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்: "முகத்துக்கு நேரே யார் இல்லை என்பார்கள்?" மறுபடியும் போய்க் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "கடைசியாக எப்போது துணியைத் திருத்தக் கொடுத்தீர்கள்? எங்கே? எவ்வளவு கொடுத்தீர்கள்?" பாதிப் பேருக்கு நினைவே இல்லை. இரண்டு பேர் நீளமான பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டே ஒரு வருடமாக ஓட்டுவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு பெண், வேலைக்கான சீருடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தக் கொடுப்பதாகவும், தன்னோடு வேலை செய்யும் எல்லாருக்கும் அதே பிரச்சினை என்றும் சொன்னார். அந்த ஒருவரால் என் திட்டம் முழுக்க மாறியது. வீடு வீடாகப் போவதை விட்டுச் சீருடை போடும் பணியிடங்களைத் தேட ஆரம்பித்தேன்.

வருங்காலத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதைக்குப் பதில் வரும். நடந்ததைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும்.

குழுப்பணி வரும், தலைவலியும் கூடவே வரும். ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் வேலை செய்வார்கள். முடிந்தால் அந்தப் புல்வெட்டுகிறவர் இருக்கும் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். அவர் காலத்தோடு வருவார்.

படி 8: கல்லூரிக்குள் இருக்கும் வேறு கதவுகள்

பல சமுதாயக் கல்லூரிகளின் வளாகத்திலேயே சிறுதொழில் மேம்பாட்டு மையம் இயங்குகிறது. 1953இல் தொடங்கிய கூட்டரசின் சிறுதொழில் நிர்வாகம் இவற்றுக்குப் பணம் தருகிறது. தனிப்பட்ட ஆலோசனை இலவசம். மாணவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடன் விண்ணப்பத்தை வங்கிக்குக் கொண்டுபோகும்முன் இவர்களிடம் காட்டுங்கள். வங்கி எதைத் தேடும் என்று இவர்களுக்குத் தெரியும். வெறுங்கையோடு போனால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். மூன்று மாத வரவுசெலவை எடுத்துப் போனால் பேச்சு வேறு தரத்தில் நடக்கும்.

1964 முதல் இயங்கும் ஸ்கோர் என்ற அமைப்பில், தொழில் நடத்தி ஓய்வுபெற்றவர்களும் இன்னும் நடத்துகிறவர்களும் தன்னார்வலர்களாக வழிகாட்டுகிறார்கள். இதுவும் இலவசம். முதல் வழிகாட்டி ஒத்துவராவிட்டால் வேறொருவரைக் கேட்பதில் தவறில்லை; சிலருக்கு 1985ஆம் வருடத்து ஞானம் மட்டுமே இருக்கும்.

நூலகரை யாரும் கண்டுகொள்வதில்லை. கட்டணம் கட்டிப் பார்க்கவேண்டிய சந்தை ஆய்வுத் தரவுத்தளங்கள் சில, மாணவர் அட்டைக்கு இலவசமாகத் திறக்கும். எந்த அஞ்சல் குறியீட்டில் எத்தனை குடும்பங்கள், எந்த வருமானம், அங்கே ஏற்கெனவே எத்தனை தையல்கடைகள் என்று அரைமணி நேரத்தில் எடுத்துத் தருவார்.

தொழில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், கோல்டுமேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் "பத்தாயிரம் சிறுதொழில்கள்" என்ற பயிற்சியைத் தேடிப் பாருங்கள். நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரியில்தான் இது முதலில் தொடங்கியது. தேர்வானவர்களுக்குக் கட்டணம் இல்லை. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

படி 9: முதல் பில்

வேலை அனுமதி இருக்கிறது, கணக்கியல் ஒரு செமஸ்டர் முடிந்தது, சீருடைக்காரர்கள் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். படிப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தனி ஆளாகத் தொடங்குவது எளிது. சொந்தப் பெயரல்லாமல் வேறு பெயரில் நடத்தினால் அந்தப் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். பல ஊர்களில் தொழில் உரிமமும் தேவைப்படும். எல்.எல்.சி. எனப்படும் வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம் தொடங்கு என்று எல்லாரும் சொல்வார்கள். சொந்தச் சொத்துக்கு ஓரளவு பாதுகாப்பு என்பது உண்மை. ஆனால் கலிபோர்னியாவில் எல்.எல்.சி. ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் வருடத்துக்குக் குறைந்தபட்சம் 800 டாலர் வரி கட்ட வேண்டும். நம் தையல்காரருக்கு அது ஏறத்தாழ 47 பேன்ட். உங்கள் மாநிலக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வரிக்கான நிறுவன அடையாள எண்ணை, வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.இன் இணையதளமே சில நிமிடங்களில் இலவசமாகத் தருகிறது. அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். அன்றே தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவும் தொழில் செலவும் ஒரே அட்டையில் ஓடினால் புல்வெட்டுகிறவரின் நிலைதான்.

வருடத்தில் நிகர வருமானம் 400 டாலரை எட்டினாலே சுயதொழில் வரி வரும், விகிதம் 15.3 சதவீதம், நிகர லாபத்தில் 92.35 சதவீதத்தின் மேல். சம்பளத்தில் பிடிப்பதுபோல யாரும் பிடிக்கமாட்டார்கள் என்பதால், ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி ஆகிய மாதங்களில் 15ஆம் தேதி வாக்கில் நாமே முன்வரி கட்ட நேரும். வரும் ஒவ்வொரு தொகையிலும் கால்பங்கை வேறு கணக்கில் தள்ளிவையுங்கள். அது உங்கள் பணம் அல்ல என்று மனதைப் பழக்க மூன்று மாதம் ஆகும்.

முதல் பில்லைப் போட்டதும் அதன் நகலையும் அந்த மாதச் செலவுச் சீட்டுகளையும் ஓர் உறையில் போட்டு, கணக்கியல் ஆசிரியரின் அலுவல் நேரத்துக்கு எடுத்துப் போங்கள். பாடம் முடிந்திருந்தாலும் போகலாம். பெரும்பாலும் அந்த நேரத்தில் அவர் அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். நான் போனபோது சீட்டுகளை மேஜையில் பரப்பி, பென்சிலால் மூன்றைத் தள்ளிவைத்தார். ஒன்று மளிகைக்கடைச் சீட்டு. மற்ற இரண்டும் நான் செலவில் சேர்க்க மறந்த பெட்ரோல். கூட்டிக் கழித்து அவர் தாளின் ஓரத்தில் எழுதியது: 61 டாலர் 40 சென்ட். அந்த மாதம் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். நான் முந்நூறு என்று நினைத்திருந்தேன்.